மறு: கன்ட்ரோல் குரூப் – கட்டுப்பாட்டுக் குழுவா, சாட்சிக் குழுவா?

[புதுச்சேரியிலிருந்து]

குழுவினருக்கு வணக்கம்.

நம் ஆய்வுமுறைச் சொல்லடைவில் 'கன்ட்ரோல் குரூப்' (சோதிக்கும் மருந்தோ உரமோ பெறாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கும் குழு) என்பதற்கு எதிரே 'கட்டுப்பாட்டுக் குழு' என்று இருக்கிறது. அதை எடுத்துவிடலாம். அந்தக் குழுவை யாரும் கட்டுப்படுத்துவதில்லை. படிக்கும் மாணவரோ பத்தியம் இருக்கும் நோயாளிகள் என்று எண்ணிக்கொள்கிறார். எங்கள் ஊரில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு. 'கொசுக் கட்டுப்பாட்டு ஆய்வின் கட்டுப்பாட்டுக் குழு' என்றால் மருந்தடிக்கப் போகும் ஆட்கள் என்றுதான் தோன்றும். சொல்லவந்தது மருந்தே அடிக்காத வீடுகளை.

ஆங்கிலச் சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் 'எதிர்ச்சுருள்'. கணக்குச் சுருளைச் சரிபார்க்க வைத்திருந்த இரண்டாம் படிக்கு அந்தப் பெயர். அடக்கி ஆளும் பொருள் பிற்பாடு ஏறியது. இன்றைய பிரெஞ்சு இந்த இடத்தில் பெரும்பாலும் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. 'குரூப் தெமுவான்' என்கிறது, அதாவது சாட்சிக் குழு. அதையே எடுத்துக்கொள்ளலாம்: சாட்சிக் குழு, சாட்சிப் பாத்தி.

'ஒப்புக் குழு' என்று முன்பு ஒரு பரிந்துரை வந்தது. ஒப்புக்குச் சப்பாணி நினைவுக்கு வருகிறது, ஏற்பதற்கில்லை. 'சான்று' என்றால் 'சான்றுசார் மருத்துவ'த்தோடு மோதும். சாட்சி வடசொல் என்பீர்கள். சங்கத் தமிழில் அதற்குக் 'கரி' உண்டு. ஆனால் 'கரிக்குழு' என்று எழுத எனக்குத் துணிவில்லை.

[கடலூரிலிருந்து]

> மருந்தே அடிக்காத வீடுகளை

ஐயா, வேளாண்மையில் இது பாதிதான் சரி. சும்மா விட்ட பாத்தி சாட்சி ஆகாது. 2 விழுக்காடு யூரியா இலைவழித் தெளிப்பைச் சோதிக்கிறோம் என்று வையுங்கள். சாட்சிப் பாத்திக்கும் அதே நாளில், அதே தெளிப்பானால், அதே அளவு வெறும் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிக்காவிட்டால் தண்ணீரின்றிக் காய்ந்த பயிர் நனைந்ததால் வந்த பச்சையும் யூரியாவின் கணக்கில் ஏறிவிடும். சோதிக்கும் அந்த ஒன்று நீங்கலாக மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால்தான் அது சாட்சி. இந்த வரி விளக்கத்தில் இடம்பெறாவிட்டால் எந்தச் சொல்லைப் போட்டும் பயனில்லை.

வயலில் அடிக்கடி நடக்கும் தவறு, சாட்சிப் பாத்தியை வரப்போரத்துக்கோ கடைமடைக்கோ தள்ளிவிடுவது. அங்கே உவர் கூடுதலாக இருக்கும், தண்ணீர் கடைசியாகப் போகும், விளைச்சல் தானாகக் குறையும். பிறகு எந்த உரமும் வெற்றி பெற்றதாகத் தெரியும். சீட்டுக் குலுக்கி, ஒவ்வொரு தொகுதியிலும் (எல்லா வகைப் பாத்தியும் ஒருமுறை வரும் நிலத்துண்டு) மற்றப் பாத்திகளுக்கு நடுவே அதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். சாட்சியையும் சேர்த்து 5 நடத்துமுறைகள் (ஒப்பிடும் உர, மருந்து வகைகள்) என்றால் 4 தொகுதிகளாவது வேண்டும்; அப்போது பிழைக்கான விடுமைப் படிகள், அதாவது தற்செயல் வேறுபாட்டை மதிப்பிடக் கிடைக்கும் தனித்த தகவல்களின் எண்ணிக்கை, (5–1)×(4–1) = 12 வரும். 3 தொகுதியோடு நிறுத்தினால் 8தான், உண்மையான வேறுபாடும் கண்ணுக்குத் தப்பலாம். பூச்சிமருந்து ஆய்வில் இன்னொரு தொல்லை உண்டு. மருந்து காற்றில் சாட்சிப் பாத்திக்கு மிதந்து வரும், சாட்சிப் பாத்தியின் பூச்சி மருந்தடித்த பாத்திக்குப் பறக்கும். அதனால் பாத்திகளுக்கிடையே இடைவெளி விட்டு, ஓர வரிசைகளைக் கணக்கில் சேர்க்காமல், உள் வரிசைகளிலிருந்து மட்டும் மகசூல் எடுக்கிறோம்.

ரக ஆய்வை மட்டும் தனியாக விடுங்கள். விருத்தாசலத்தில் புதிய நிலக்கடலைக்குப் பக்கத்தில் வட்டாரத்தில் புழங்கும் ரகத்தை விதைத்தால் அதற்குப் பெயர் 'செக்'. அதுவும் ஒரு நல்ல ரகம், போட்டியாளர். அதைச் சாட்சி என்றால் விவசாயி சிரிப்பார். 'ஒப்பு ரகம்' போதும். ரகம் என்ற சொல் பக்கத்தில் இருக்கும்போது சப்பாணி நினைவு வராது.

[பரங்கிப்பேட்டையிலிருந்து]

நண்பர்களே, பெயர்ச்சொல்லோடு நின்றுவிட்டீர்கள். எனக்கு வேண்டியது வினைச்சொல். 'வயதைக் கட்டுப்படுத்திப் பார்த்தால் வேறுபாடு மறைகிறது' என்று ஆய்வேடுகளில் எழுதுகிறார்கள். வயதை யாரால் கட்டுப்படுத்த முடியும்?

நம் கடற்கரையிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் இந்தப் பகுதியின் 18 மீனவக் குப்பங்களின் உயிரிழப்பை வைத்து, அலையாத்திக் காடு காப்பாற்றியது என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. அதே தரவை 2006இல் வேறு சிலர் எடுத்துக் கணக்கிட்டார்கள். மேட்டில் இருக்கும், கடலுக்குத் தொலைவில் இருக்கும் குப்பத்தில் இழப்பு எப்படியும் குறைவு. அந்த இரண்டையும் ஈடுசெய்துவிட்டுப் பார்த்தால் காட்டுப் பரப்பால் வேறுபாடு தெரியவில்லை என்றார்கள். அதற்கு மறுப்பாக, வேறு முறையில் கணக்கிட்டுக் காட்டுக்குப் பங்கு உண்டு என்று இன்னொரு கட்டுரையும் வந்தது. மூன்று தரப்பும் தகராறு செய்தது, தொலைவையும் மேட்டையும் எப்படிக் கணக்கிலெடுப்பது என்ற ஒரே செயலைப் பற்றித்தான். அங்கே சாட்சிக் குப்பம் என்று எதுவும் கிடையாது. சுனாமியைச் சீட்டுக் குலுக்கி யாரும் அனுப்பவில்லை.

இந்தச் செயலுக்குச் 'சமன்கட்டுதல்' என்கிறேன். 'தொலைவைச் சமன்கட்டிப் பார்த்தால்…'. 'சமன்செய்தல்' வேண்டாம், வேதியியலார் சமன்பாடுகளுக்கு ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். 'மட்டம் கட்டுதல்' கொத்தனார் சொல், அழகானது. ஆனால் நம்மவர் அதை 'மட்டம் தட்டுதல்' என்று படித்துவிடுவார்கள்.

[புதுச்சேரியிலிருந்து]

சமன்கட்டுதலை அப்படியே ஏற்கிறேன்.

கடலூர் நண்பர் சொன்னது மருத்துவத்துக்கும் பொருந்தும். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து, மற்றவர்களுக்குச் சானடோரியத்தில் (தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனை). சானடோரியக் குழுதான் அங்கே சாட்சி. நன்றாகவே கவனிக்கப்பட்ட குழு, ஆனால் பழைய முறையில். எனவே சொல்லடைவின் விளக்கத்தில் உள்ள 'சிகிச்சை பெறாத' என்ற சொற்களை நீக்கிவிட்டு, 'சோதிக்கும் அந்த ஒன்று நீங்கலாக மற்றதெல்லாம் ஒன்று' என்ற கடலூர் நண்பரின் வரியையே போடலாம்.

கொசு ஆய்வில் 'சாட்சி' இன்னும் நன்றாகவே உட்காருகிறது. பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி பூசிய தாள் ஒரு குழாயில், சிலிக்கான் எண்ணெய் மட்டும் தடவிய தாள் சாட்சிக் குழாயில். கொசுக்களை 1 மணி நேரம் தாளோடு வைத்து, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். சாட்சிக் குழாயிலும் கொஞ்சம் சாகும். மருந்துக் குழாயில் 82 விழுக்காடு, சாட்சியில் 10 என்றால், பூச்சியியலாளர் ஆபட் 1925இல் தந்த சூத்திரப்படி (82–10)÷(100–10), அதாவது 80 விழுக்காடுதான் மருந்தின் வேலை. சாட்சியில் 20 விழுக்காட்டுக்கு மேல் செத்தால் சோதனையையே தூக்கிப்போட வேண்டும்: வெப்பமோ, ஈரப்பதமோ, பிடித்து அடைத்த கையின் முரட்டுத்தனமோ கொன்றிருக்கிறது. சாட்சி செத்தால் வழக்குத் தள்ளுபடி என்று மாணவருக்குச் சொன்னால் மறக்கமாட்டார்.

ஆய்வகத்துப் 'பிளாங்க்' வேறு சரக்கு. சிப்காட் கழிவுநீருக்கு வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள அழுக்கை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற வேண்டிய ஆக்சிஜனின் அளவு) பார்க்கும்போது, மாதிரிக்குப் பதில் காய்ச்சி வடித்த தண்ணீரை அதே டைக்ரோமேட்டு, அதே கந்தக அமிலத்தோடு 2 மணி நேரம் கொதிக்கவைக்கிறோம். அதற்கு 'வெற்றுச் சோதனை' என்ற பெயரே நிற்கட்டும். வடித்த தண்ணீரில் அழுக்கு இருந்தால் வெற்றுச் சோதனையிலும் டைக்ரோமேட்டு செலவாகி, மிஞ்சும் அளவு குறைந்து, கழிவுநீர் உண்மையைவிடச் சுத்தமாகத் தோன்றும். இதையும் குறிப்பில் சேர்க்கிறேன்.

டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரில் வரும் 'பாசிட்டிவ் கன்ட்ரோல்', 'நெகட்டிவ் கன்ட்ரோல்' இரண்டும்தான் மிச்சம். 'நேர்மறைச் சாட்சி' என்றால் நமக்குச் சாதகமாகப் பேசும் சாட்சி ஆகிவிடுகிறது. ஒன்றில் தேடும் டிஎன்ஏ இருப்பது உறுதி, மற்றதில் இல்லாதது உறுதி. 'உள்-சாட்சி', 'இல்-சாட்சி' என்று கேள்விக்குறியோடு இட்டிருக்கிறேன். 'உள்' என்பது உட்புறம் என்றும் படும். பிசிஆரில் 'இன்டர்னல் கன்ட்ரோல்' (மாதிரியோடு அதே குழாயில் வைக்கும் சாட்சி) வேறு தனியாக இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.