டிரிம் என்பதற்குக் ‘கரைச்சட்டம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டின் உட்புறத்துக்கு வண்ணம் அடிப்பது பற்றிய அமெரிக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். விதானம் (சீலிங்), கதவு என்று தடையில்லாமல் போய்க்கொண்டிருந்த வேலை, சுவரின் ஓரங்களில் அடிக்கும் சட்டங்களைக் குறிக்கும் ‘டிரிம்’ (trim) என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டது. அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் முன்வைத்த ‘அலங்கார விளிம்பு’, ‘ஓர வேலைப்பாடு’ ஆகிய இரண்டையும் நான் ஏற்கத் தயங்குவதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வட அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் உட்சுவர், மரச்சட்டக் கூட்டின்மேல் அடித்த ஜிப்சம் பலகையால் ஆனது. அந்தப் பலகை தரையில் முடியும் இடத்திலும், கதவு நிலையோடும் சன்னலோடும் சேரும் இடத்திலும் இடைவெளி விழும். அதை மூடுவதற்காக நீளவாக்கில் அடிக்கும் மரச்சட்டங்களையே டிரிம் என்கிறார்கள். அழகெல்லாம் அந்தத் தேவையின்மேல் ஏறியதுதான். நம் செங்கல் வீடுகளில் நிலையைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, பூச்சு வேலையை நிலைவரைக்கும் கொண்டுவந்து முடித்துவிடுவதால், அப்படியொரு சட்டத்துக்கு வேலை இல்லை, சொல்லும் பிறக்கவில்லை. ஆனால் இடைவெளி மட்டும் இங்கும் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் வேலை செய்த பெயிண்டர், நிலையும் சுவரும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டி, மேலிருந்து கீழ்வரை ஓடிய மயிரிழை வெடிப்பைக் காட்டினார். வெடிப்பை அடைக்கும் பட்டியை (putty) விரலால் திணித்து, தகட்டால் வழித்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, “மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், அடுத்த வருசம் இது மறுபடி வாயைத் திறக்கும் சார்” என்றார். நாம் ஆண்டுதோறும் பட்டியால் அடைப்பதை அவர்கள் ஒரேயடியாகச் சட்டத்தால் மூடிவிடுகிறார்கள்.

‘அலங்காரம்’ என்ற சொல்லை நான் அஞ்சுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்கு அடிக்கும் வண்ணங்களில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. அதற்கு முன் கட்டிய வீடுகளில் பழைய பூச்சு ஈயம் கலந்ததாக இருக்கக்கூடும். திறந்து மூடும்போது உராயும் கதவும் சன்னலும் அவற்றைச் சுற்றிய சட்டங்களும் அந்த ஈயத்தைத் தூசியாக உதிர்க்கும். ஆகவே அங்கெல்லாம் சோதித்துப் பார்க்காமல் உலர்தேய்ப்பு, அதாவது நனைக்காமல் உப்புத்தாளால் தேய்ப்பது, கூடாது என்று கையேடு எச்சரிக்கிறது. இதை ‘அலங்கார வேலைப்பாடுகளைத் தேய்க்காதீர்’ என்று நான் மொழிபெயர்த்தால், அங்கே வீடு வாங்கியிருக்கும் தமிழர் ஒருவர், தம் வீட்டில் பூவேலை எதுவும் இல்லை என்று எண்ணி, சாதாரணச் சன்னல் சட்டத்தை நிம்மதியாகத் தேய்க்கத் தொடங்குவார், பக்கத்தில் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும்.

நான் முதலில் எண்ணியது வெறும் ‘கரை’. வேட்டிக்கும் சேலைக்கும் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நாம் சொல்வதைப் போலவே அங்கே சுவர் ஒரு நிறம், டிரிம் ஒரு நிறம். நிறம் மட்டுமல்ல, பூச்சின் தன்மையும் மாறும்: மேடுபள்ளம் ஒளியில் தெரியாமலிருக்க விதானத்துக்கு மங்கல் பூச்சு, கை படுவதும் துடைப்பதும் மிகுதி என்பதால் கரைக்கும் கதவுக்கும் பளபளப்புப் பூச்சு. நம் பெயிண்டர்கள் சுவருக்கு எமல்ஷன், மரத்துக்கும் கிரில்லுக்கும் எனாமல் என்று பிரிப்பதும் ஏறத்தாழ இதே கோட்டில்தான்.

இதற்கு நண்பர் ஒருவர் எழுப்பிய தடை வலுவானது. ரகரமும் றகரமும் தெளிவாக வேறுபடும் குமரி மாவட்டப் பேச்சை விட்டால், தமிழகத்தின் பெரும்பகுதியில் கரையும் கறையும் காதுக்கு ஒன்றுதான். வண்ணம் அடிப்பவர் நாள் முழுதும் பேசுவதோ கறையைப் பற்றி. ‘சுவர்க்கரை’ என்று ஒரு கூட்டுச்சொல் ஆக்கி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து நானே சிரித்தேன். ஆகவே பொதுச்சொல்லைக் ‘கரைச்சட்டம்’ என்று திருத்துகிறேன். உட்பிரிவுகளில் குழப்பம் குறைவு என்பதால் தரையோரச் சட்டம் அடிக்கரை, நிலையைச் சுற்றியது நிலைக்கரை, சுவரும் விதானமும் கூடும் மூலையில் வருவது மேற்கரை என்று சுருக்கமாகவே இருக்கலாம்.

மேற்கரைக்குப் பதில் ‘கொடுங்கை’ என்ற கருத்தும் வந்தது. அழகான பழஞ்சொல்தான், ஆனால் அது ஆவுடையார்கோயிலில் நாம் வியந்து பார்க்கும், தூண் வரிசைக்கு வெளியே வளைந்து நீளும் தாழ்வாரக் கூரை. அறைக்குள் இரண்டங்குலச் சட்டத்துக்கு அந்தப் பெயர் தாங்காது. நிலை, கதவு ஆகியவற்றில் கைவைக்கவே வேண்டாம். ‘செவ்வரக்கு உரீஇ’ என்று கதவுக்குச் சிவந்த அரக்குப் பூசியதையும், ‘நெய்யணி நெடுநிலை’யையும் நெடுநல்வாடை அடுத்தடுத்துச் சொல்கிறது, இரண்டும் இன்றும் தச்சர் வாயில் இருக்கும் சொற்கள். ‘சீலிங்’ என்பதற்கு விதானமா தளமா என்ற நீண்ட வாதத்தில் என் வாக்கு விதானத்துக்கு. ‘தளம்’ என்றால் காலடியா தலைக்கு மேலா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கையேட்டின் ஒரு பத்தியில் இச்சொற்களை இட்டுப் பார்த்தேன்: ‘முதலில் விதானத்தையும் அடுத்துச் சுவரையும் முடித்துவிட்டுக் கரைச்சட்டங்களுக்கு வாருங்கள். அடிக்கரைக்கு மேலே சுவரில் ஒட்டுநாடாவை இடைவெளியில்லாமல் அழுத்தி ஒட்டி, இரண்டங்குலத் தூரிகையால் நீளவாக்கில் இழுங்கள். வண்ணம் முற்றிலும் இறுகுமுன் நாடாவை 45 பாகைச் சாய்வில் மெல்ல உரித்தெடுங்கள்.’ எங்கேனும் உங்களுக்கு இடறினால் எந்தச் சொல்லில் என்று எழுதுங்கள்.