திகில் குறும்படம் எடுக்கக் கற்றுத்தர உதவி தேவை

வணக்கம். எங்கள் பள்ளியின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நிமிடத் திகில் குறும்படம் எடுக்கத் துடிக்கிறார்கள். பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பவை இரண்டு செல்போன்களும் ஒரு டார்ச் விளக்கும்தான்.

திகில் என்றாலே அவர்களுக்கு வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், காதைக் கிழிக்கும் அலறல். காட்டாமல் பயமுறுத்துவதையே நான் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன். 1975-இல் வெளியான 'ஜாஸ்' என்ற ஹாலிவுட் சுறாப் படத்தின் படப்பிடிப்பில் இயந்திரச் சுறா ஓயாமல் பழுதானது. இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதை அதிகம் காட்டாமல், இசையையும் நீர்மட்டத்தை ஒட்டிய கேமராவையும் வைத்தே நடுங்கவைத்தார். இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது!

சிக்கல் ஒலியில்தான். கதவு கிரீச்சிடுவதைப் பதிவு செய்தால் மின்விசிறி இரைச்சலே முன்னால் நிற்கிறது. ஒலியைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்க்க எளிய இலவசச் செயலி எது? இருட்டில் எடுத்தால் படம் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது. பகலில் எடுத்து இரவுபோல் காட்டச் செல்போனில் வழி உண்டா? ரத்தம் கூடாது என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அதில் நிம்மதிதான்.

மதுரைப் பக்கம் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து பேச முடிந்தால் பெரிய உதவி. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.