ஐஸ் ஹொக்கி: 60 நிமிஷ மெட்ச், ரெக்கோர்டிங் எவ்வளவு நேரம் வைக்கணும்?

ஹட்டன்_தம்பி:
டொரொன்டோவில இரவு 7 மணி என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்) மெட்ச், இலங்கையில நமக்கு அடுத்த நாள் விடிய 5.30. இருபது இருபது நிமிஷமா மூணு பீரியட். இடைவேளையோட 7 மணிக்கு முடிஞ்சிடும்னு டைமர் வச்சா, ரெண்டாவது பீரியட்லயே வெட்டுப்படுது. மணிக்கூட்டுல 4 நிமிஷம் மிச்சம்னு காட்டும், 10 நிமிஷம் போனாலும் தீராது. எவ்வளவு வைக்கணும்?

நுவரெலியா_பனி:
புட்போல் மாதிரி ஓடிக்கிட்டே இருக்கிற மணிக்கூடு இல்ல தம்பி. விசில் அடிச்சா நின்னுடும். ஓஃப்சைட், ஐசிங் (தன் பாதியில இருந்து எதிரணி கோல் கோட்டுக்கு அப்பால அடிச்சு விடுறது), கோல், கோலி பக்கை (ரப்பர் வட்டை) அமுக்கிப் பிடிக்கிறது, எல்லாத்துக்கும் விசில்தான். திரும்ப ஃபேஸ்-ஓஃப்ல, அதாவது நடுவர் ரெண்டு பேருக்கு நடுவுல பக்கைப் போட்டாத்தான் ஓடும்.

அதுக்கு மேல ஒவ்வொரு பீரியட்லயும் மூணு விளம்பர இடைவேளை. 14, 10, 6 நிமிஷம் மிச்சம் இருக்கும்போது, அதுக்குப் பிறகு வர்ற விசில்ல போடுவாங்க. அதான் உங்க 4 நிமிஷம் இழுக்குது. 20 நிமிஷ பீரியட் 35, 40 நிமிஷம் பிடிக்கும். பீரியட்டுக்கு நடுவுல 18 நிமிஷம் (உலக சம்பியன்ஷிப் போட்டின்னா 15). 7 மணின்னு போட்டாலும் முதல் பக் விழ சில நிமிஷம் பிந்தும். 3 மணித்தியாலம் வைங்க.

ஹட்டன்_தம்பி:
சரிங்க. சமமா முடிஞ்சா?

பண்டாரவளை_அக்கா:
லீக் மெட்ச்னா கோலி தவிர பக்கத்துக்கு மூணு பேரோட மேலதிகமா 5 நிமிஷம், முதல் கோலோட சரி. கோல் இல்லாட்டி ஷூட்-அவுட் (புட்போல் பெனால்டி மாதிரி, கோலியோட ஒத்தைக்கு ஒத்தை). இதெல்லாம் பெரும்பாலும் 3 மணித்தியாலத்துக்குள்ள அடங்கும்.

பிளே-ஓஃப் (லீக் முடிஞ்ச பிறகு கிண்ணத்துக்கான சுற்று) வேற கதை. ஷூட்-அவுட் கிடையாது, ஐஞ்சு பேரோட 20 நிமிஷ பீரியட், கோல் விழுற வரைக்கும். 1936ல டெட்ரொய்ட், மொன்ட்ரியல் மரூன்ஸ் மெட்ச் மேலதிக நேரமே 116 நிமிஷம் 30 செக்கன் போச்சு. அதனால முடிவு நேரம் போடாம விடுங்க. இன்னொன்னு: மார்ச் ரெண்டாவது ஞாயிறுல அங்க மணிக்கூட்டை முன்னுக்கு நகர்த்துவாங்க. நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் அதே 7 மணி நமக்கு 4.30. பழைய டைமரை மாத்தாட்டி முதல் பீரியட் போச்சு.

ஹட்டன்_தம்பி:
நன்றி அக்கா. தப்புக்கு 2 நிமிஷம் தண்டனைப் பெட்டில உட்கார்ந்தவர், 1.12 மிச்சம் இருக்கும்போதே வெளியே வந்துட்டாரே?

நுவரெலியா_பனி:
எதிரணி கோல் போட்டிருக்கும். அவங்க ஆள் கூடுதலா இருக்கும்போது கோல் விழுந்தா சின்ன (2 நிமிஷ) தண்டனை அதோட தீரும். 5 நிமிஷத் தண்டனைன்னா எத்தனை கோல் விழுந்தாலும் முழுசா உட்காரணும். அந்த நேரமும் விசிலுக்கு நின்னு நின்னுதான் ஓடும்.