ஹாலோவீன் பொம்மைக்கு பழைய மோட்டார் – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

நாங்க நியூஜெர்சில இருக்கோம். எங்க தெருவுல அக்டோபர் பொறந்தாலே எல்லா வீட்டு வாசல்லயும் எலும்புக்கூடு, கல்லறைன்னு வந்துடும், 31ம் தேதி இருட்டினதும் பசங்க வாளியைத் தூக்கிட்டு மிட்டாய்க்கு வருவாங்க. போன வருஷம் எம்பொண்ணு "அப்பா நம்ம எலும்புக்கூடு மட்டும் ஏன் சும்மாவே உக்காந்திருக்கு"ன்னு கேட்டா. கடையில அசையற பொம்மை விலையைப் பார்த்துட்டு நாமளே பண்ணிடலாம்னு இறங்கினோம்.

முதல்ல வாங்கினது ரோபோ கிட்ல வருமே அந்த மஞ்சள் கலர் குட்டி கியர் மோட்டார், 3லேருந்து 6 வோல்ட்ல ஓடுறது. கையில பிடிச்சுப் பார்த்தப்போ நல்லா சுத்துச்சு, தலையை மாட்டினதும் அப்படியே நின்னு போச்சு. சுத்துற வேகம் வேற, இழுக்கிற வலு வேறன்னு எனக்கு உறைச்சது அப்பதான். பக்கத்து வீட்டு தாத்தா, ரிட்டயர்டு மெக்கானிக், அவர்தான் "ஜங்க்யார்டுக்குப் போ (பழைய காரைப் பிரிச்சு விக்கிற இடம்), கார் வைப்பர் மோட்டார் கழட்டிட்டு வா"ன்னார். 15 டாலர். உள்ள வார்ம் கியர் (திருகு மாதிரி இருக்கிற பல்சக்கரம், வேகத்தைக் குறைச்சு வலுவைக் கூட்டும்) இருக்கிறதால மெதுவாத்தான் சுத்தும் ஆனா ஈரக் கண்ணாடி மேல பிளேடை இழுக்கிற வலு அப்படியே இருக்கும், தெர்மாகோல் தலையெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல.

கரண்டுக்கு பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ள இருக்கிற பவர் சப்ளை பெட்டி. பச்சை வயரை கறுப்போட சேர்த்தா ஆன் ஆயிடும், மஞ்சள்ல 12 வோல்ட், சிவப்புல 5 வோல்ட். 12ல வைப்பர் ஸ்லோ ஸ்பீடே நிமிஷத்துக்கு 40, 50 சுத்து வருது, எலும்புக்கூடு டான்ஸ் ஆடுற மாதிரி இருந்துச்சு, பயமே வரல. அதையே சிவப்புக்கு மாத்தினதும் வேகம் பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு, தலை மெதுவா திரும்பி நம்மளைப் பார்க்குது பாருங்க, எம்பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டா. மெதுவா அசைஞ்சாத்தான் உயிர் இருக்கிற மாதிரி தெரியுது. நிறைய வைப்பர் மோட்டார்ல பாடியே கிரவுண்டு (மைனஸ் வயர் மாதிரி), அதனால இரும்பு ஃப்ரேம்ல மாட்டுறப்போ பார்த்து மாட்டுங்க, வயர்ல ஒரு ஃபியூஸும் போடுங்க.

கிராங்க் கம்பி, அதான் மோட்டார் தண்டுல மாட்டி சுத்துற கை, முதல்ல 5 இன்ச்சுல வெட்டினேன், மோட்டார் முனகி சூடாயிடுச்சு. 2 இன்ச்சா குறைச்சதும் சுகமா ஓடுச்சு. ஆனா ஹாலோவீன் அன்னிக்கு ஏழு மணிக்கு வாசல்ல பத்து பசங்க நிக்கிறப்போ நட் கழண்டு விழுந்துருச்சு, சாதா நட்டுதான் போட்டிருந்தேன், விடாம சுத்துற இடத்துல அது நிக்காது. இப்போ எல்லாத்துக்கும் உள்ள நைலான் வளையம் இருக்கிற லாக் நட்டுதான்.

திரும்ப மாட்டி ஓட விட்டதும் நாலஞ்சு வயசு பையன் ஒருத்தன் மிட்டாய் வாங்கிட்டுப் போனவன் தனியா திரும்பி வந்து எலும்புக்கூட்டுக்கு கை ஆட்டினான், அது தலை திரும்புற வரைக்கும் காத்திருந்து மறுபடி ஆட்டினான். அன்னிக்கு மூணு தடவை வந்தான்.

----

டல்லாஸ்லேருந்து எழுதறேன் அண்ணா. எனக்கு கை குடுத்தது கிறிஸ்துமஸ் மான் மோட்டார். புல்வெளியில விளக்கு போட்ட மான் தலையாட்டிட்டு நிக்குமே, அதுக்குள்ள இருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரம் மானையே அடிமாட்டு விலைக்குத் தள்ளுவாங்க, அப்போ வாங்கி வைப்பேன். ரொம்ப ஸ்லோ, நிமிஷத்துக்கு அஞ்சு சுத்து கூட வராது. நவராத்திரில கொலுப்படி பக்கத்துல ராட்டினம் சுத்த வச்சேன், கொலு எடுத்து வச்ச கையோட அதே மோட்டாரைப் பேய்க்கு மாத்தினேன்.

பேய் நம்ம பொம்மலாட்டம் மாதிரிதான். தலைக்கு ஒரு தூண்டில் நரம்பு, ரெண்டு கைக்கு ரெண்டு, மூணையும் மேல தனித்தனி வளையத்துல கோத்து கொண்டு வந்து கிராங்கோட ஒரே முனையில கட்டணும். வளையங்களை மோட்டாரைச் சுத்தி மூணு பக்கமா வைக்கணும், அதுதான் சூட்சுமம், அப்பதான் தலை ஏறும்போது ஒரு கை இறங்கும். ஒரே பக்கம் வச்சா மூணும் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கும், துணி உலர்த்தின மாதிரி இருக்கும். வெள்ளை வலைத்துணி, கீழேருந்து பிளாக் லைட் (வெள்ளைத்துணியை மின்ன வைக்கிற ஊதா விளக்கு), நரம்பு கண்ணுக்கே தெரியாது. இந்த மோட்டார் வீட்டு கரண்ட் 120 வோல்ட்ல நேரா ஓடுறது, அதனால வெளில ஜிஎஃப்சிஐ பிளக் (கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகுறது) இல்லாம மாட்டவே மாட்டாதீங்க, பசங்க நடமாடற இடம்.

----

நான் கனடா, டொரொண்டோ ஸ்காபரோ. பழைய மைக்ரோவேவ்வில தட்டுச் சுத்துற மோட்டாரைக் கழட்டினனான். அநேகமா அடித்தகட்டைத் திறந்தாலே வரும், மேல்பக்கத்தைத் திறக்கப் போகாதேங்கோ, பிளக் கழட்டி வச்சாலும் உள்ளுக்கு இருக்கிற கொண்டென்சரில (கரண்டைச் சேத்து வைக்கிற சாமான்) கரண்ட் நிக்கும், ஆளைக் கொல்லும். மோட்டாரில என்ன வோல்ட் எண்டு அடிச்சிருக்கிறதையும் வாசியுங்கோ, எல்லாம் 120 இல்லை.

இதில ஒரு நல்ல குணம் இருக்கு. எந்தப் பக்கம் சுத்தத் தொடங்கும் எண்டு சொல்லேலாது, தடுத்தா மற்றப் பக்கம் திரும்பும். நான் ரெண்டு ஆணியை ரெண்டு பக்கமும் அடிச்சு விட்டன், பூசணிக்காய்த் தலை ஒரு பக்கம் போய் முட்டி மற்றப் பக்கம் பார்க்கும். கிராங்க் ஒண்டும் தேவையில்லை. பாரமா மட்டும் வைக்கக் கூடாது, நான் உள்ளுக்கு வெறுமையான பிளாஸ்டிக் பூசணிக்காய்தான் வச்சனான்.

----

ஆணி ஐடியா அருமைங்க, எம்பொண்ணுகிட்ட காட்டினேன், இந்த வருஷம் ஜன்னல்ல ஒரு தலை அப்படி வைக்கிறோம். டெக்சாஸ் தங்கச்சிக்கு, பேயைக் கொஞ்சம் வேகமா ஆட்டணும்னா வைப்பர் மோட்டாருக்கு ஒரு பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (கரண்டை விட்டு விட்டு வேகமா குடுத்து ஸ்பீடை மாத்துறது) போடுங்க, சின்னதுதான், விலையும் கம்மி. ரெசிஸ்டர் வச்சு வேகத்தைக் குறைச்சா வலுவும் போயிடும், லோடு ஏறினதும் நின்னுடும், இதுல அப்படி ஆகாது. மழைக்கு மோட்டாரை பிளாஸ்டிக் டப்பாவைக் கவுத்து மூடி வச்சிருக்கேன், எஸ்எம்பிஎஸ்ஸை கராஜுக்குள்ளயே வச்சு தடி வயரா இழுத்துட்டேன். சனிக்கிழமை மறுபடி ஜங்க்யார்டு போறேன், எம்பொண்ணும் வர்றாளாம்.