வீலைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொண்ட கதைகள்

சென்னை

காரில் மற்ற எதையும் பேசி முடித்துவிடலாம். வீல் என்று வந்துவிட்டால் ஒருத்தர் ரசனை இன்னொருத்தருக்கு ஆகாது. இவர் ஆசையாக மாட்டியதைப் பார்த்து அவர் முகம் சுளிப்பார், அவர் வண்டியைப் பார்த்து இவர் சிரிப்பார். அப்படி நீங்கள் நேரில் சந்தித்த ஆள், அவர் வீல், அதற்கு அவர் சொன்ன காரணம், இதை எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

நண்பனின் ஸ்விஃப்டுக்கு அலாய், அதாவது அலுமினியக் கலவை வீல் பார்க்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போயிருந்தோம். அந்த ரோட்டில் கடை எங்கே முடிகிறது, நடைபாதை எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் சீட் கவர், இன்னொரு பக்கம் ஹாரன், நடுவில் ஆள் உயரத்துக்கு வீல் அடுக்கு. 17 இஞ்ச், முழுக் கறுப்பு, விளிம்பில் சிவப்புக் கோடு என்று ஒரு செட் இருந்தது. நண்பன் அதன் முன்னால் போய் நின்றுவிட்டான். அதற்கு மேல் அவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை.

அப்போது ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, அரைக்கைச் சட்டை, கையில் மஞ்சள் பை. ஓரமாக நிறுத்தியிருந்த வண்டி பழைய ஹோண்டா சிட்டி வி-டெக். 106 குதிரைத்திறன் என்று அந்தக் காலத்தில் எல்லாரையும் ஏங்க வைத்த அதே வண்டி. "தம்பி, அந்த கன்மெட்டல் 15 இஞ்ச்சுல ஒண்ணு எடுங்க" என்றார். பிறகு பைக்குள் கைவிட்டு, விமானத்துக்குப் போகிறவர்கள் பெட்டியை மாட்டி எடை பார்க்கிற கைத்தராசை வெளியே எடுத்தார்! ஸ்போக்கில் கொக்கியை மாட்டி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, எண் ஆடாமல் நிற்கும்வரை அசையவில்லை. பழைய பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். கடைப் பையன் சிரித்தான், முதலாளி சிரிக்கவில்லை. ஒரே அளவு, பார்வைக்கும் ஒரே மாதிரி, ஆனால் ஒன்று ஆறரை கிலோ சொச்சம், இன்னொன்று எட்டைத் தாண்டியது.

கடைசியில் அவர் எடுத்தது இருந்ததிலேயே சுமாரான ஒரு செட். சில்வர், ஐந்து ஸ்போக், எந்த அலங்காரமும் இல்லை. அதையும் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஜே.டபிள்யூ.எல் என்கிற ஜப்பானியத் தர முத்திரையும் தாங்கும் எடையும் அச்சில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தார். "ஏன் சார், பளபளன்னு இவ்வளவு இருக்கே?" என்றான் நண்பன். "உள்ள உட்கார்ந்துட்டா வீல் என் கண்ணுக்குத் தெரியாதுப்பா. கைக்குத்தான் தெரியும்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வண்டியின் உடம்பை ஸ்பிரிங் தாங்குகிறது, வீலையும் டயரையும் அது தாங்குவதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கனமான வீலை அடக்குவது டேம்பருக்கு, அதாவது ஷாக் அப்சார்பருக்குப் பெரும்பாடு. அதோடு வேகம் எடுக்கும்போது அதைச் சுழற்ற வேண்டும், பிரேக் பிடித்தால் நிறுத்தவும் வேண்டும். ஜப்பானின் ரேஸ் (Rays) என்ற வீல் கம்பெனி 1996-இல் கொண்டுவந்த டி.இ.37 வீலுக்கு அந்த எண்ணே எடையால் வந்ததுதான்: 15 இஞ்ச், 6 இஞ்ச் அகலத்தில் 3.7 கிலோ. இன்று அந்த ஆறு ஸ்போக் முகம் இல்லாத அலாய் கடையே இல்லை. முகத்தைக் காப்பி அடித்துவிட்டார்கள், எடையை அடிக்க முடியவில்லை. அசல் ஃபோர்ஜிங், அதாவது அலுமினியத்தைப் பெரும் அழுத்தத்தில் அடித்துச் செய்தது. காப்பி அச்சில் ஊற்றியது.

சென்னை (மேலே சொன்ன நண்பன்)

அந்தக் கறுப்பு-சிவப்பு செட்டை வாங்கியவன் நான்தான். டயர் 205/45 ஆர்17, அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 இஞ்ச். ஆமாம், கனம்தான். ஆமாம், ஸ்பீட் பிரேக்கர் வந்தால் வண்டி நிற்கிற மாதிரிதான் போவேன். அதனால் என்ன? வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன், அந்த சந்தோஷத்தை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்? ஆயுத பூஜைக்கு அம்மா நாலு வீலுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கறுப்பு வீலில் அது எடுப்பாக இருந்தது பாருங்கள், சில்வரில் வராது அது. ரேஸுக்குப் போகிறவர் எடை பார்க்கட்டும். நான் போவது வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு.

கோவை

இரண்டு பேருக்கும் நேர் எதிரான ஓர் ஆளை நான் பார்த்திருக்கிறேன். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அக்கா. ஆழியாறில் டீக்கடையில் நிறுத்தியிருந்தபோது அவர் ஸ்விஃப்டைப் பார்த்தேன். உயர் ரகம், அதாவது கம்பெனியிலிருந்தே 15 இஞ்ச் டைமண்ட் கட் அலாயோடு வருகிற வண்டி. அதில் 14 இஞ்ச் ஸ்டீல் ரிம் மாட்டியிருந்தார். வீல் கப்கூட இல்லை, வெறும் கறுப்பு ரிம். யாரோ அலாயைத் திருடிவிட்டார்கள் போல என்று நினைத்து மெதுவாகக் கேட்டேன்.

"யாரும் எடுக்கல. வீட்டுல சாக்குல கட்டி வெச்சிருக்கேன்" என்றார். காரணத்தை நம்பராகச் சொன்னார், அதுதான் எனக்குப் பிடித்தது. கம்பெனி டயர் 185/65 ஆர்15, மொத்த உயரம் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர். அவர் போட்டிருப்பது அதே ஸ்விஃப்டின் சின்ன ரகத்துக்கு வரும் 165/80 ஆர்14, உயரம் 620-ஐ ஒட்டி. அதனால் ஸ்பீடோமீட்டர் தப்புக் காட்டாது. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் 120-இலிருந்து 132 மில்லிமீட்டர் ஆகிறது. மேலே நண்பர் போட்டிருக்கும் 205/45-இல் அது 92 தான். மொத்த உயரம் அதிலும் 616 வரும், ஆக கூடுவது உலோகம், குறைவது காற்று. எஸ்டேட் ரோட்டில் டயருக்குள் இருக்கிற அந்தக் காற்றுதான் முக்கியம் என்றார்.

40 கொண்டை ஊசி வளைவில் இந்த ஒல்லி டயர் பிடிக்குமா என்று கேட்டேன். "பிடிக்கிற வேகத்துல போகணும் தம்பி." டீ கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

எங்கள் ஊர் ரேஸ் டிராக்கான கரி ஸ்பீட்வே பார்க்கிங்கில் விதவிதமான வீல்களைப் பார்த்திருக்கிறேன், காரணம் கேட்டால் பாதிப் பேர் "லுக்கு ப்ரோ" என்பார்கள். அதுவும் காரணம்தான், சரி. ஆனால் அளவைக் குறைத்ததற்குப் பெருமைப்பட்ட ஒரே ஆள் அந்த அக்காதான்.

கிள்ளான், மலேசியா

இங்கே டயர் கடைக்குப் போய் ஸ்போர்ட் ரிம் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஜப்பானிலிருந்து பழைய ரிம் நிறைய வருகிறது, அதனால் எங்கெய், வொர்க் போன்ற ஜப்பான் பிராண்டுகளின் அசல் ரிம்மைச் செகண்ட் ஹேண்டில் வாங்க வாய்ப்பு உண்டு. காப்பி மாட்டியிருப்பவனை அசல்காரன் மதிக்கவே மாட்டான், இது இங்கே ஒரு தனி ஜாதிச் சண்டை.

நான் சொல்ல வந்தது ஒரு பையனைப் பற்றி. மாமாக் கடையில், அதாவது இங்கத்திய தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசை. புரோட்டான் சத்ரியாவில் 15 இஞ்ச் வொர்க் போட்டிருந்தான், உதடு, அதாவது வெளி விளிம்பு, ஆழமான ரகம். வண்டியை விற்றால் வரும் காசைவிட ரிம் விலை அதிகம் என்று சிரித்தான். அடுத்த முறை பார்த்தபோது வண்டி புரோட்டான் விரா, ரிம் அதே. அதற்கப்புறம் பெரோடுவா மைவி, அதிலும் அதே ரிம்! வண்டிதான் மாறிக்கொண்டே இருந்தது. சத்ரியா, அவன் வைத்திருந்த 1.5 விரா, மைவி மூன்றுக்கும் நாலு போல்ட், அவை உட்காரும் வட்டம் 100 மில்லிமீட்டர். நடு ஓட்டை மட்டும் புரோட்டானுக்கு 56.1, மைவிக்கு 54.1. ரிம்மின் ஓட்டை இரண்டையும்விடப் பெரியது. இடைவெளியை ஒரு வளையம் போட்டு அடைத்துவிட்டால் வீல் நடுவில் சரியாக உட்காரும். அந்த வளையத்தை விட்டுவிட்டு நட்டை மட்டும் முறுக்குகிறவர்கள்தான் "80-க்கு மேல ஸ்டியரிங் உதறுது" என்று பேலன்சிங் கடைக்கு அலைகிறவர்கள். சென்னை ஸ்விஃப்ட் நண்பர் பார்த்துக்கொள்ளவும். சுசூகிக்கும் 54.1 தான், கடையில் விற்கும் அலாய்க்குப் பெரும்பாலும் 73.1 இருக்கும்.

புது வண்டிக்கு ஏன் புது ரிம் வாங்கவில்லை என்று கேட்டேன். "வண்டி மாசத் தவணை அங்கள். ரிம் மட்டும்தான் முழுசா என்னோடது" என்றான்.

திருநெல்வேலி

நான் இன்னோவா ஓட்டுகிற ஒரு டிராவல்ஸ் அண்ணாச்சியோடு குற்றாலம் போனேன். ஸ்டீல் ரிம். அலாய் போடக் கூடாதா அண்ணாச்சி என்றேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு பள்ளத்துல விட்டு ரிம் வளைஞ்சா, சுத்தியல வெச்சுத் தட்டி காத்தடிச்சுட்டு ஊரு வந்து சேருவேன். அலாய் விரிசல் விட்டா உங்கள பஸ் ஏத்தி விடணும்லா" என்றார்.

வழியில் இன்னொன்றும் சொன்னார், பழைய அலாய் வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும். விரிசலை வெல்டிங் வைத்து, தேய்த்து, பவுடர் கோட்டிங் அடித்து விற்கிறவர்கள் உண்டு. முன்பக்கம் பார்த்தால் புதுசு மாதிரி இருக்குமாம். டயரைக் கழற்றச் சொல்லி, டயர் உட்காரும் உள்வட்டத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்கச் சொன்னார். எங்காவது மேடு தட்டுப்பட்டால் விலையே கேட்க வேண்டாம். கழற்ற மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னாலும் அதேதான்.