2 நாளா 6 நாளா: பச்சைக்குழந்தை ஆபரேஷனில் எந்த ஆஸ்பத்திரி ஒசத்தி?

மன்னை மதி:
குடந்தைக்காரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயில் தசை தடித்துப் பால் இறங்காத குழந்தைகளுக்குச் செய்யும் ஆபரேஷனில் "தனியாரில் 2 நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அரசில் 6 நாள், தரம் தெரிகிறதா?" என்கிறார். பீய்ச்சியடித்து வாந்தி எடுத்து, நீரும் உப்பும் இழந்துதான் இந்தப் பிள்ளைகள் வருகின்றன. ட்ரிப்ஸ் போட்டு குளோரைடு, பொட்டாசியம் எல்லாம் சரியான பிறகுதான் மயக்க மருந்து. அவசரப்பட்டால் ஆபரேஷன் முடிந்த பிறகும் மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. எந்தத் தேதியிலிருந்து எண்ணினீர்கள்?

குடந்தைக்காரன்:
பாடம் எடுக்காதீர்கள் மேடம். 2 பெரிதா, 6 பெரிதா? என் அக்கா பேரன் 2 நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்கு முன் வேறு நர்சிங் ஹோமில் ட்ரிப்ஸ் ஏறியது தனிக்கணக்கு.

மன்னை மதி:
தனிக்கணக்கா! அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும் அதையும் சேர்த்துத்தானே 6 என்கிறீர்கள்?

குடந்தைக்காரன்:
2 நாள். மாற்றிச் சொல்ல எனக்கு அவசியமில்லை.

ஐயாறு பெரியவர்:
தம்பி, எங்கள் பக்கம் பிள்ளை கக்கினாலே உரம் விழுந்தது, குடலேற்றம் என்று எண்ணெய் தடவி நீவக் கொண்டுபோவார்கள். ஒரு வாரம் அதிலேயே போய்விடும். எலும்பும் தோலுமான பிள்ளையைத் தனியாரில் தொடமாட்டார்கள், 108-ல் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு நாள் கூடத்தானே செய்யும்?

குடந்தைக்காரன்:
தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் சேர்ந்துகொள்வீர்கள் என்று தெரியும். கும்பகோணத்தை மாவட்டம் ஆக்கச் சொன்னபோதும் இதே கூட்டம்தான். மயிலாடுதுறைக்கு 2020-ல் கொடுத்தார்கள், எங்களுக்கு நாமம்.

மாயவரத்தான்:
எங்கள் ஊரை ஏன் சார் இழுக்கிறீர்கள்? வாந்திக்கும் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

குடந்தைக்காரன்:
வயிற்றெரிச்சல் உங்களுக்கு எதற்கு? மாவட்டம் வாங்கியாச்சே.

ஸ்கேன் ரூம்:
1912-ல் ராம்ஸ்டெட் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிய முறைதான் இன்றும் எல்லா இடத்திலும். வெளித்தசையைக் கீறி, உள்சவ்வைத் தொடாமல் விடவேண்டும். சவ்வு கிழிந்ததா, கீறல் போதாமல் திரும்ப ஆபரேஷன் ஆனதா என்று ஒப்பிடுங்கள். குழந்தை அறுவை நிபுணர் செய்தாரா, வருடத்துக்கு எத்தனை கேஸ் பார்க்கிறார் என்றும் கேளுங்கள்.

குடந்தைக்காரன்:
ஸ்கேன் கமிஷன் வாங்குகிறவர்கள் தரம் பற்றிப் பேசுகிறார்கள். எங்கள் பிள்ளைக்கு லேப்ராஸ்கோப்பி, மூன்றே துளை. அங்கே வயிற்றைக் கிழிப்பார்கள்.

மன்னை மதி:
தொப்புளை ஒட்டி வளைவாக ஒரு சின்னக் கீறல், தழும்பு தொப்புளோடு மறைந்துவிடும். "கிழிப்பார்கள்" என்று பயம் காட்டாதீர்கள். ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாள் கக்குவது சகஜம், அதையும் பார்த்துவிட்டு அனுப்பினால் தப்பா?

ஸ்கேன் ரூம்:
கமிஷன் வாங்கினேன் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள். இல்லையென்றால் அட்மினிடம் போவேன்.

குடந்தைக்காரன்:
போங்கள். போன மாதம் காப்பீட்டு அட்டை விஷயத்திலும் போனீர்கள், என்ன ஆச்சு? டிஸ்சார்ஜ் சீட்டைப் படம் பிடித்துப் போடுகிறேன், கண்ணால் பாருங்கள். 2 நாள்.

மன்னை மதி:
அட்மிஷன் தேதியை மறைக்காமல் போடுங்கள்.

குடந்தைக்காரன்:
அது எதற்கு? பேச்சு ஆபரேஷனைப் பற்றித்தானே?

மாயவரத்தான்:
மாவட்டம் பற்றிச் சொன்னதை முதலில் வாபஸ் வாங்குங்கள் சார்.