என்னைப் பற்றிய கேள்வி தபாலில் வந்த ஆண்டு

கிறிஸ்தவ சபைக்குள் இருந்துகொண்டே தன்பாலீர்ப்புள்ளவர்களாக வாழ்ந்தவர்கள் இங்கே ஒவ்வொருவராகத் தங்கள் அனுபவங்களை எழுதி வருவதைப் படித்த பின்னர், ஒருபால் திருமணத்தைப் பற்றி அவுஸ்திரேலியாவில் தபால்மூலம் கருத்துக் கேட்கப்பட்ட 2017ஆம் ஆண்டின் கடைசி நான்கு மாதங்களை நானும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்தில் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருந்த குடும்பம் எங்களுடையது. சிட்னியின் மேற்கே, பரமட்டா தொகுதியில், அம்மாவும் நானும் வசித்தோம். தமிழ் ஆராதனை நடக்கும் ஒரு சபையின் பாடகர் குழுவில் பதினோரு ஆண்டுகளாக நான் பாடி வந்தேன். நான் தன்பாலீர்ப்புள்ளவன் என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். அவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவுஸ்திரேலியாவின் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில், திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற வரையறையை 2004இல் பாராளுமன்றமே சேர்த்தது. அன்று அதற்காக யாருடைய வீட்டுக்கும் கடிதம் வரவில்லை. ஆனால் அந்த வரையறையை மாற்றலாமா என்ற பேச்சு வந்தபோது மட்டும் நாட்டிலுள்ள அத்தனை வாக்காளர்களையும் தபால்மூலம் கேட்க வேண்டும் என்று அரசாங்கம் தீர்மானித்தது. செப்டம்பர் 12ஆம் திகதி முதல் புள்ளிவிபரப் பணியகம் படிவங்களை அனுப்பத் தொடங்கியது. ஒருபால் இணையர் திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தை மாற்ற வேண்டுமா என்ற ஒரே கேள்வியும், ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களும் அதில் இருந்தன. அம்மாவின் பெயருக்கு ஒன்றும் என் பெயருக்கு ஒன்றுமாக இரண்டு உறைகள் ஒரே நாளில் வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. என் வாழ்க்கையைப் பற்றி என் அம்மாவிடம் அரசாங்கம் கருத்துக் கேட்டிருக்கிறது என்பதை அந்த உறைகளைப் பார்த்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

சபையில் அந்த வாரங்கள் முழுவதும் அதுவே பேச்சாக இருந்தது. ஒருபால் உறவுக்கு எதிராக வேதாகமத்திலிருந்து காட்டப்படும் லேவியராகமம் 18ஆம் அதிகாரமும் ரோமர் முதலாம் அதிகாரமும் மாறிமாறி வாசிக்கப்பட்டன. ஒரு ஞாயிறு, இந்தத் தேசத்தைப் பிடித்திருக்கும் அசுத்த ஆவி விலக வேண்டும் என்று போதகர் உருக்கமாக ஜெபித்தபோது, முன்வரிசையில் கண்மூடி நின்ற என் வாயும் பழக்கத்தினால் ‘ஆமென்’ என்று சொல்லிவிட்டது. அடுத்து நாங்கள் பாட வேண்டிய பாட்டை எப்படிப் பாடி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் தீயவர் அல்லர். அப்பா இறந்தபோது மூன்று இரவுகள் எங்கள் வீட்டிலேயே இருந்தவர். அவருடைய விசுவாசத்தின்படி பேச அவருக்கு உரிமை உண்டு என்பதை நான் அன்றும் மறுக்கவில்லை. ஆனால், தாம் யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவர்கள் எங்கோ நகரத்தில் கொடி பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் என்றே அவர் எண்ணியிருந்தார். இரண்டு அடி தூரத்தில், அவருடைய பாடகர் குழுவிலேயே ஒருவன் இருக்கக்கூடும் என்ற நினைப்பு அவருக்கு வரவேயில்லை.

அந்தக் கொடி பிடித்தவர்களிடமும் நான் போனேன். செப்டம்பர் 10ஆம் திகதி ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு ரயிலேறி, சிட்னி நகர மண்டபத்தின் முன்னால் திரண்டிருந்த பெருங்கூட்டத்துக்குள் சென்று நின்றேன். ஒருவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். அவருக்குச் சபைகள் கொடுத்த காயத்தை என்னால் ஊகிக்க முடிந்தது என்பதால் கோபம் வரவில்லை. ஆனாலும் அங்கிருந்து வீடு திரும்பிய பயணம் மிக நீண்டதாக இருந்தது.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, தேநீர் வேளையில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவன் என்று சொல்லி, முதியவர்களுக்குப் படிவத்தை விளக்கும் பொறுப்பை ஒரு மூப்பர் என்னிடம் கொடுத்தார். மறுத்திருக்கலாம். எந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பது என்று தெரியாததால் உட்கார்ந்தேன். கேள்வியை மட்டும் தமிழில் சொல்வது, எந்தக் கட்டத்தில் கோடிட வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லாதிருப்பது என்று உறுதியாக இருந்தேன். நான்கைந்து பேருக்குப் பிறகு, எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி வந்தார். கேள்வியைக் கேட்டுவிட்டு, “நீர் என்ன நினைக்கிறீர், தம்பி?” என்றார். அதுவரை யாரும் அதை என்னிடம் கேட்டிருக்கவில்லை. “ஆச்சி, இந்தக் கேள்வி என்னைப் பற்றினதும்தான்” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படிவத்தை மடித்து, தம் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அவர் எல்லோரிடமும் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் அடுத்த இரண்டு ஞாயிறும் நான் ஆராதனைக்குப் போகவில்லை.

நவம்பர் 15ஆம் திகதி காலை பத்து மணிக்கு முடிவு அறிவிக்கப்பட்டபோது அலுவலகத்தில் இருந்தேன். ஆம் என்றோர் 61.6 விழுக்காடு, இல்லை என்றோர் 38.4 விழுக்காடு. தாமும் தன்பாலீர்ப்புள்ளவரான செனட்டர் பெனி வொங் கண்ணீர்விட்டு அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவரும் ஒரு கிறிஸ்தவர், மலேசியாவில் பிறந்து குடியேறியவர் என்பதால் அந்த அழுகை எனக்கு மிக அருகில் கேட்டது. பிறகு தொகுதிவாரி முடிவுகளைத் தேடினேன். பரமட்டாவில் இல்லை என்றோர் 61.6 விழுக்காடு, நாடு எந்த அளவில் ஆம் என்றதோ, சரியாக அதே அளவில் என் அயலவர்கள் இல்லை என்றிருந்தார்கள். நாட்டில் இல்லை என்ற 17 தொகுதிகளில் 12 சிட்னியில் இருந்தன. மதிய உணவு மேசையில், குடியேறியவர்கள்தான் இதற்குக் காரணம் என்று சக ஊழியர் ஒருவர் ஏளனமாகச் சொன்னபோது, என் மக்களுக்காக நான் வாதாட வேண்டியிருந்தது. காலையில் கிடைத்த மகிழ்ச்சியில் பாதி அந்த மேசையிலேயே போய்விட்டது.

டிசம்பர் 7இல் சட்டம் நிறைவேறி, 9ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தம் மதத்துக்கு ஒவ்வாத திருமணத்தை நடத்த மறுக்கும் உரிமையும் மதகுருமாருக்கு அதிலேயே உறுதிசெய்யப்பட்டது. போதகர்கள் இத்தகைய திருமணங்களை நடத்தக் கட்டாயப்படுத்தப்படுவார்கள் என்று எங்கள் சபையில் பலமாகப் பரப்பப்பட்ட அச்சம் எழுதப்பட்ட சட்டத்தில் இல்லை என்பதைப் பிரசங்க மேடையிலிருந்து யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த நத்தாருக்கு முன்னர் கரோல் பாடிக்கொண்டு வீடுவீடாகப் போனபோது ஆச்சியின் வீட்டுக்கும் போனோம். மற்றவர்கள் கேக் சாப்பிட உள்ளே போன பிறகு அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். “அந்தக் கடிதத்தை நான் தபாலிலை போடேல்லை, தம்பி,” என்றார். “உம்மைப் பற்றி ஆரோ கேக்கினம் எண்டா, நான் அவைக்கு என்னத்தைச் சொல்லுறது?”

பதில் அனுப்பாதவர்கள் 20.5 விழுக்காடு என்று பணியகம் கணக்கிட்டிருந்தது. அதற்குள் ஆச்சியும் ஒருவர். அவர் ஆம் என்று கோடிட்டு அனுப்பியிருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு இல்லாமல் இல்லை. நான் உள்ளே போக எழுந்தபோது, கேக்கில் ஒரு துண்டை வீட்டில் அம்மாவுக்கும் கொண்டுபோகச் சொன்னார்.